தப்பு என்று எப்போது தெரியவரும்? மூன்று ஆய்வுத் துறைகளுக்கு நடுவே ஒரு தேர்வு

இயற்பியலில் முதுகலை முடித்த மாணவி ஒருத்தி என் மேசைமேல் மூன்று தாள்களைச் சீட்டு விரிப்பதுபோல வரிசையாக வைத்தாள். மூன்றும் பிஎச்.டி.க்கான ஒரு பக்க வரைவுகள். ஒன்று, ஸ்பின் கண்ணாடிகளை, அதாவது குட்டிக் காந்தங்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும் உலோகக் கலவைகளை, கணினியில் ஆராய்வது. அடுத்தது, கல்லூரிக்குப் புதிதாக வரும் மாணவர்கள் மனத்தில் ‘விசை’ என்ற கருத்து எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கும் கல்வி ஆய்வு. கடைசித் தாளில் எறும்புக் கூட்டத்தின் இயக்கம்.

“மூணுமே பிடிச்சிருக்கு மேடம். எதுல போறதுன்னுதான் தெரியலை.”

மூன்றுமே பிடித்திருக்கிறது என்றால், மூன்றில் ஒன்றைக்கூட இன்னும் கையால் தொட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதை அவளிடமே சொன்னேன், சிரித்தாள், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. நானும் இதே இடத்தில் நின்று முழித்தவள்தான். பத்தாண்டுகள் முதல் துறையில் ஓட்டிவிட்டு, இப்போது இரண்டாவதில் பாதி நேரமும், மூன்றாவதை வேலிக்கு இந்தப்பக்கமிருந்து எட்டிப் பார்ப்பதில் மீதி நேரமும் போகிறது.

இப்படி ஒப்பிடும்போது ஆர்வத்துக்கு இத்தனை, வேலைவாய்ப்புக்கு இத்தனை, நிதிக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவது வழக்கம். கூட்டல் சரியாகவே வரும். முடிவு மட்டும் உதவாது. நான் அவளுக்குக் கொடுத்தது வேறு அளவுகோல்: நீ நினைத்தது தப்பு என்று உனக்கு எப்போது தெரியவரும்? யார் சொல்லித் தெரியவரும்? இந்த இரண்டிலும் மூன்று துறைகளும் ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது.

முதல் தாள்: ஒழுங்கில்லாத பொருள்கள்

உப்புப் படிகத்தில் அணுக்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஒரு மூலையைத் தெரிந்துகொண்டால் முழுப் படிகத்தையும் தெரிந்துகொண்ட மாதிரி. அசுத்தம் கலந்த உலோகத்திலும் சன்னல் கண்ணாடியிலும் அந்தச் சலுகை கிடையாது. 1958இல் பிலிப் ஆண்டர்சன், அணுக்களின் அமைப்பு போதிய அளவு தாறுமாறாக இருந்தால் எலக்ட்ரான் பரவிப் போகாமல் ஒரே இடத்தைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும் என்று காட்டினார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் வெகு சிலர். 1977இல் அவருக்கு நோபல் கிடைத்தது. 1979இல் ஆப்ரஹாம்ஸ், ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ, டி.வி. ராமகிருஷ்ணன் நால்வரும் சேர்ந்து எழுதிய சிறிய கட்டுரை இன்னும் ஒரு படி போனது: ஒன்றையொன்று பாதிக்காத எலக்ட்ரான்கள் இரண்டு பரிமாணத்தில் இருந்தால், துளி ஒழுங்கின்மை போதும், சிக்கிவிடும். அந்த நால்வருக்கு ‘நால்வர் கும்பல்’ என்றே துறையில் செல்லப்பெயர். 1958க்கும் 1979க்கும் நடுவே 21 வருஷம். இந்தத் துறையில் காலம் நகரும் வேகம் இதுதான், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பின் கண்ணாடி அதைவிட மெதுவானது. தாமிரத்தில் கொஞ்சம் மாங்கனீசைக் கலந்தால், மாங்கனீசு அணுக்கள் குட்டிக் காந்தங்களாக அங்கங்கே சிதறி உட்காரும். இரண்டு காந்தங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பொறுத்து, சில ஜோடிகள் ஒரே திசையைப் பார்க்க விரும்பும், சில எதிர்த் திசையை. இப்போது மூன்று காந்தங்களை முக்கோணத்தில் வையுங்கள். ஒவ்வொன்றும் மற்ற இரண்டுக்கும் எதிராக நிற்க வேண்டும் என்பது விதி. முதலாவது மேலே பார்க்கிறது, இரண்டாவது கீழே. மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவரோடு மனத்தாங்கல்தான். கோடிக்கணக்கான முக்கோணங்களில் இந்த மனத்தாங்கல் நடந்தால், எல்லோரையும் ஓரளவுக்கேனும் சமாதானப்படுத்தும் ஏற்பாடு ஒன்றல்ல, எண்ணற்றவை இருக்கும். பொருள் எதில் போய் நிற்கும்?

1972இல் கன்னெல்லாவும் மைடோஷும் தங்க–இரும்புக் கலவையில் காந்தப் புலத்துக்கு அது இணங்கும் அளவில், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், கூரிய முனை ஒன்றை அளந்தார்கள். 1975இல் எட்வர்ட்ஸும் ஆண்டர்சனும் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அதே வருஷம் ஷெரிங்டனும் கர்க்பாட்ரிக்கும், ஒவ்வொரு காந்தமும் மற்ற எல்லாவற்றோடும் பேசும் எளிமையான மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்கு விடையும் கண்டார்கள். அந்த விடையில் தாழ்ந்த வெப்பநிலையில் எந்திரபி, அதாவது எத்தனை ஏற்பாடு சாத்தியம் என்பதன் அளவு, எதிர்மமாகப் போனது. அந்த மாதிரியில் அது நடக்கவே முடியாது. அதாவது எங்கோ தப்பு. 1979இல் ஜியோர்ஜியோ பாரிசி ஒரு விநோதமான விடையைச் சொன்னார். விடை சரியாக இருக்கிற மாதிரி தெரிந்தது, ஏன் சரி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 2003இல் குவெர்ரா பாதி வழி போனார். 2006இல் மிஷேல் டாலக்ராண்டின் முழு நிரூபணம் அச்சில் வந்தது. பாரிசிக்கு 2021இல் நோபல், டாலக்ராண்டுக்கு 2024இல் கணிதத்துக்கான ஆபெல் பரிசு. ஒரு சூத்திரம் தப்பில்லை என்று உறுதியாக 27 வருஷம் ஆகியிருக்கிறது.

இத்தனையும் எல்லோரும் எல்லோரோடும் பேசும் கற்பனை மாதிரிக்கு. பக்கத்தில் இருப்பவர்களோடு மட்டும் பேசும் நிஜ முப்பரிமாணப் பொருளுக்குப் பாரிசியின் படம் (எண்ணற்ற ஏற்பாடுகள்) பொருந்துமா, அல்லது 1980களில் ஃபிஷரும் ஹ்யூஸும் சொன்ன ‘துளி’ப் படம் (அடிப்படையில் ஒரே ஏற்பாடு, அதில் அங்கங்கே புரளும் துளிகள்) பொருந்துமா என்ற சண்டைக்கு இன்றும் தீர்ப்பு இல்லை. அந்தச் சண்டையில் ஏதேனும் ஒரு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, யாரும் மறுக்க முடியாதபடி முப்பது வருஷம் பேப்பர் எழுதலாம். எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு அது சொர்க்கம்.

அன்றாட வேலை எப்படி இருக்கும்? பக்கத்துக்கு 16 என்று ஒரு கனசதுரம் எடுத்தால் 4,096 காந்தங்கள், 12,288 பிணைப்புகள். ஒவ்வொரு பிணைப்புக்கும் நாணயம் சுண்டிக் குறி போடுகிறீர்கள். அது ஒரு மாதிரித்துண்டு. இப்படி ஆயிரக்கணக்கில் துண்டுகள் செய்து, ஒவ்வொன்றையும் குளிரவைத்து, சமநிலைக்கு வரும்வரை காத்திருந்து, சராசரி எடுக்க வேண்டும். சமநிலைக்கு வருவதுதான் வராது. இதற்கென்றே ஸ்பெயினிலும் இத்தாலியிலும் உள்ளவர்கள் சேர்ந்து ‘ஜேனஸ்’ என்ற தனிக் கணினியையே கட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இதில் கையைச் சுட்டுக்கொண்ட கதை சின்னதுதான். ஒரே துண்டின் இரண்டு பிரதிகளை வெவ்வேறு நிலையிலிருந்து ஓடவிட்டு, இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை நிலையான மதிப்புக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பது வழக்கம். என் வரைபடத்தில் கோடு படுத்துவிட்டது. சமநிலை வந்தாயிற்று என்று நம்பி மூன்று மாதம் சராசரி எடுத்தேன். ஒருநாள் வேறு எதற்கோ கிடைமட்ட அச்சில் நேரத்தை மடக்கை அளவில் போட்டேன். படுத்திருந்த கோடு மெல்ல, நிதானமாக, முடிவே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று மாதக் கணக்கும் குப்பைக்குப் போனது. யாரும் என்னிடம் தப்பு என்று சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அந்த அச்சை மாற்றாமல் விட்டிருந்தால் பேப்பர் வந்திருக்கும். முதல் தாளை எடுப்பவர் தன்னைத் தானே சந்தேகப்படத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை மூன்றில் இதுவே பத்திரமானது. 1982இல் ஜான் ஹாப்ஃபீல்ட் நினைவாற்றலுக்கு அமைத்த வலைப்பின்னல் மாதிரி, ஸ்பின் கண்ணாடியின் நெருங்கிய உறவினர். 2024 நோபல் பரிசில் அது பாதி. எந்திரக் கற்றல், பிழைதிருத்தும் குறியீடுகள், நிதிச் சந்தைக் கணிப்பு என்று எந்தக் கதவைத் தட்டினாலும் இந்தக் கணிதமும் இந்த நிரல் பழக்கமும் உள்ளே அழைத்துக்கொள்ளும். துறையைவிட்டு வெளியேறுவதற்கு வழி நிறைய இருப்பது, துறைக்குள் நுழைபவருக்கு ஒரு தைரியம்.

இரண்டாவது தாள்: வகுப்பறை

ஒரு லாரியும் ஒரு சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. லாரி கார்மேல் செலுத்தும் விசை பெரிதா, கார் லாரிமேல் செலுத்துவது பெரிதா?

நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கும் மாணவர்கள், இதற்கு ‘லாரிதான்’ என்பார்கள். 1992இல் ஹெஸ்டெனஸ், வெல்ஸ், ஸ்வாக்காமர் மூவரும் இப்படிப்பட்ட, கணக்கே போடத் தேவையில்லாத கேள்விகளைத் தொகுத்து ஒரு வினாத்தாளாக வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய வடிவத்தை ஹார்வர்டில் எரிக் மஸூர் தன் மாணவர்களுக்குக் கொடுத்தபோது, ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதட்டுமா, இல்லை நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டதாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நல்ல ஆசிரியர் என்று பெயர் வாங்கியிருந்தவர் அவர். தான் நினைத்தது தப்பு என்று அவருக்குத் தெரியவர ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.

இந்தத் துறையில் மறுப்பு அத்தனை சீக்கிரம் வரும். ஒரு மின்கலம், ஒரு குட்டி பல்பு, ஒரே ஒரு துண்டுக் கம்பி. பல்பை எரியவைக்கச் சொல்லுங்கள். மின்சுற்றுக் கணக்கில் முழு மதிப்பெண் எடுத்தவர், கம்பியின் ஒரு முனையை மின்கலத்திலும் மறு முனையை பல்பின் அடியிலும் வைத்துவிட்டு ‘பல்பு போயிடுச்சு போல’ என்று உங்களைப் பார்ப்பார். பல்புக்கு இரண்டு இடத்தில் தொடர்பு வேண்டும் என்பது அவர் வரைந்த அத்தனை சுற்றுப் படத்திலும் இருந்தது; அவர் கையில் மட்டும் இல்லை. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அதற்குப் பிறகு பழைய மாதிரி பாடம் எடுக்க முடியாது.

‘எது தப்பு’ என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். ‘எது சரி’ என்பதற்குத்தான் வருஷக்கணக்கில் ஆகிறது. 1998இல் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளிலிருந்து 6,542 மாணவர்களின் முடிவுகளைத் திரட்டினார். முதல் தேர்வில் தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கைப் பிறகு கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் கணக்கு. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரி 0.23. மாணவர்கள் பேசி, விவாதித்து, செய்து பார்த்த வகுப்புகளில் 0.48. இரண்டு மடங்கு. போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளுக்காக 2001இல் நோபல் வாங்கிய கார்ல் வீமன், குளிர் அணுக்களைக் கைவிட்டு இந்தப் பக்கம் முழுதாக வந்தார். 2014இல் ஃப்ரீமனும் சகாக்களும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தோல்வி விகிதம் விரிவுரை வகுப்பில் சுமார் 34 சதவீதம், மற்றதில் 22.

சரி, தீர்ந்துவிட்டதா? 2019இல் ஹார்வர்டிலிருந்து வந்த ஓர் ஆய்வு எனக்கு இவற்றைவிடப் பிடித்தது. அதில், செய்து கற்கும் வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள்; ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றதாக உணர்ந்தார்கள். வழுக்கிக்கொண்டு போகும் நல்ல சொற்பொழிவு, புரிந்துவிட்ட மயக்கத்தைத் தருகிறது. அப்படியென்றால் மாணவர் கருத்துப் படிவத்தை வைத்து ஆசிரியரை எடைபோடுவதெல்லாம் என்ன ஆவது? இந்தக் கேள்வி ஒரு பிஎச்.டி.க்குத் தாராளமாகப் போதும்.

சங்கடங்களையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் மாதிரித்துண்டு மனிதர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி, கல்லூரியின் அனுமதி, ஆசிரியரின் அனுமதி, மாணவரின் சம்மதம் என்று வாங்கி முடிக்கும்போது பருவம் பாதி ஓடியிருக்கும். ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவம்தான். ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தில் இறக்க அதைப்போல நாலைந்து மடங்கு நேரம் பிடிக்கும். பிறகு அதை வகைப்படுத்த வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்தி, ஒத்துப்போகிறார்களா என்று பார்க்க வேண்டும். முதல்முறை ஒத்துப்போகவே மாட்டார்கள். ஒரு வகுப்பில் பலித்தது பக்கத்து வகுப்பில் பலிக்காது, ஏனென்றால் அங்கே ஆசிரியர் வேறு, நேரம் வேறு, மதிய உணவுக்குப் பிறகு வரும் தூக்கம் வேறு.

இன்னொன்று, யாரும் விளம்பரத்தில் போடாதது. இயற்பியல் துறைக்குள்ளேயே இதை ‘இயற்பியல் இல்லை’ என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க இயற்பியல் கழகம் 1999இலேயே இந்த ஆய்வு இயற்பியல் துறைகளுக்குள் நடக்க வேண்டியதுதான் என்று அறிக்கை விட்டது. அறிக்கை விட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமை புரியும். ஆய்வில் தோற்றவர்கள் ஒதுங்கும் இடம் இது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அந்த எண்ணத்தோடு யாராவது இங்கே வந்தால் முதல் ஆறு மாதத்திலேயே திணறிப்போவார்கள்: புள்ளியியல் தெரிய வேண்டும், பேட்டி எடுக்கத் தெரிய வேண்டும், அவற்றுக்கு மேல் இயற்பியல் ஆழமாகத் தெரிய வேண்டும். மாணவர் சொல்லும் தப்பு விடைக்குள் ஒளிந்திருக்கும் தர்க்கத்தைப் பிடிக்க, சரியான விடை மட்டும் தெரிந்தால் போதாது.

மூன்றாவது தாள்: எறும்பு

இயற்பியல்காரர்கள் பூச்சிகளிடம் போகும்போது வழக்கமாக ஒரு தப்பு செய்வார்கள்: பூச்சியைப் பார்ப்பதற்கு முன்னால் மாதிரியை எழுதிவிடுவார்கள்.

1995இல் விச்செக்கும் சகாக்களும் ஓர் அழகான மாதிரி போட்டார்கள். ஒவ்வொரு துகளும் பக்கத்தில் இருப்பவர்களின் சராசரித் திசையில் திரும்பும், கொஞ்சம் தடுமாற்றத்தோடு. கூட்டம் அடர்த்தியானால் எல்லாம் திடீரென்று ஒரே திசையில் ஓடும். 2006இல் வெட்டுக்கிளிக் குஞ்சுகளை வட்டப் பாதையில் விட்டுப் பார்த்தார்கள்: குறைந்த எண்ணிக்கையில் தாறுமாறு, கூடக் கூட, ஒரே திசையில் அணிவகுப்பு. மாதிரி சொன்ன மாதிரியே. பாடப்புத்தகத்துக்குப் போயிற்று. நானும் வகுப்பில் அதைச் சொல்லி எத்தனையோ முறை கைதட்டல் வாங்கியிருக்கிறேன். 2025இல் வந்த ஆய்வு, வயல்வெளியிலும் மெய்நிகர்த் திரைகளுக்கு நடுவிலும் வெட்டுக்கிளிகளைக் கவனித்து, அவை பக்கத்தில் இருப்பவர் போகும் திசையைப் பார்த்துத் தன் திசையைச் சரிசெய்துகொள்வதில்லை என்று சொன்னது. அடுத்தவர் எங்கே இருக்கிறார் என்பதை வைத்து எங்கே போவதென்று ஒவ்வொரு வெட்டுக்கிளியும் முடிவெடுக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அணிவகுப்பு ஒன்றுதான். உள்ளே நடப்பது வேறு. கைதட்டல் வாங்கிய வகுப்புகளுக்கு நான் இனி யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

பூச்சி உங்களை மறுக்கும். ஆனால் பருவம் வந்தால்தான் மறுக்கும். மழை தவறினால் ஒரு வருஷம் போச்சு. அதுவரை காத்திருக்கும் மனம் இயற்பியலில் பழகிவந்தவர்களுக்கு லேசில் வராது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராகவேந்திர கடக்கரும் அவர் மாணவர்களும் ‘ரோபாலிடியா மார்ஜினேட்டா’ என்ற குளவியைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். முக்கியக் கருவி, குளவியின் முதுகில் வைக்கும் வண்ணப் பொட்டு. ஒவ்வொரு குளவிக்கும் ஒரு நிறச் சேர்க்கை, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு ஜோடிக் கண். இந்த இனத்தின் ராணி சாதுவானவள், யாரையும் அதட்டுவதில்லை. அவளை எடுத்துவிட்டால் சற்று நேரத்தில் ஒரு பணிக்குளவி மட்டும் திடீரென்று மூர்க்கமாகி மற்றவர்களைத் தாக்கத் தொடங்கும். ராணியைத் திருப்பி வைத்தால் அடங்கி வேலைக்குத் திரும்பும். வைக்காவிட்டால் அடுத்த ராணி அதுதான். அது எது என்று முன்கூட்டியே அதன் நடத்தையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எவ்வளவு பொட்டு வைத்துப் பார்த்தாலும்!

செலவு கம்மி என்பது இந்தத் துறையின் பெரிய வரம், அதிகம் பேசப்படாததும்கூட. ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரத்து ஆர்வலர் சங்கம் ஒன்று கூடாரம்போன்ற வலைப்பொறிகளை வைத்து 63 காப்பிடங்களில் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து எடை போட்டுவந்தது. 27 வருஷத்தில் பிடித்த மொத்தம் 53 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அந்த 53 கிலோவை வைத்து, பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017இல் வெளியான கட்டுரை உலகத்தையே உலுக்கியது. தொழில்முறை ஆய்வகம் எதுவும் அப்படி 27 வருஷம் பொறுத்திருக்காது. மூன்று வருஷ நிதி முடிந்ததும் பொறியை மடக்கிவைத்திருக்கும்.

வரம் இருக்குமிடத்தில் சாபமும் உண்டு. பெயரிடப்பட்ட பூச்சி இனங்களே சுமார் பத்து லட்சம். பெயரிடப்படாதவை அதைவிடப் பல மடங்கு. உங்கள் பொறியில் விழுந்தது என்ன இனம் என்று சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் நாலைந்து பேராக இருக்கலாம், அதில் மூன்று பேர் ஓய்வுபெற்றிருக்கலாம். இயற்பியலிலிருந்து வருபவர், இனங்காணும் அறிவை ஏளனமாக நினைக்காமல் கற்றுக்கொண்டால் அவருக்கு வேளாண்மை, கொசு ஒழிப்பு, மகரந்தச் சேர்க்கை என்று எங்கும் இடம் உண்டு. ‘அதை மற்றவர்கள் செய்வார்கள், நான் சமன்பாடு எழுதுகிறேன்’ என்பவருக்கு இல்லை.

மூன்றையும் கட்டிப்போட முடியுமா?

அவள் அடுத்துக் கேட்டது இதைத்தான். கேட்பாள் என்று தெரியும்.

முடியும். சைஃபோகிலஸ் என்ற ஒரு வண்டு இருக்கிறது, பால்வெள்ளை. அதன் செதில் ஐந்து மைக்ரான் அளவுக்குத்தான் தடிமன். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அவ்வளவு மெல்லிய படலம் இத்தனை வெளுப்பாக இருக்கக் கூடாது. உள்ளே, பூச்சி ஓட்டின் பொருளான கைட்டின் இழைகள் கன்னாபின்னாவென்று பின்னிக் கிடக்கின்றன. வெளிச்சம் அதற்குள் புகுந்து வழி தெரியாமல் முட்டி மோதித் திரும்பி வருகிறது. 2007இல் வுகூசிச்சும் சகாக்களும் இதை வெளியிட்டார்கள். அந்த ஒழுங்கின்மை சும்மா வந்த குழப்பம் இல்லை, வெளிச்சத்தைச் சிதறடிக்க நன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழப்பம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆண்டர்சன் தாளில் எழுதியதன் ஒன்றுவிட்ட தம்பி, வண்டின் முதுகில்.

ரோம் நகரில் பாரிசியின் சகாக்கள் பறவைக் கூட்டத்தில் தொடங்கி, மாலை நேரப் பூங்காவில் ‘மிட்ஜ்’ என்ற சிறு ஈக்களின் திரளுக்கு வந்தார்கள். 2014இல் வந்த அவர்கள் கட்டுரையின் முடிவு: அந்தத் திரளுக்குத் திசை இல்லை, அணி இல்லை, ஆனால் ஒன்றின் அசைவும் தள்ளியிருக்கும் இன்னொன்றின் அசைவும் தொடர்புடையவை. ஒழுங்கு இல்லாமலே ஒட்டுறவு. ஸ்பின் கண்ணாடி படித்தவருக்கு இதைப் பார்த்ததும் புரை ஏறும்.

பூச்சியும் கல்வியும் சேர்ந்தது அதைவிடப் பழைய கதை. சார்ல்ஸ் ஹென்றி டர்னர் 1907இல் சிகாகோவில் முனைவர் பட்டம் வாங்கிய கறுப்பினத்தவர். நிறவெறியால் பல்கலைக்கழகக் கதவுகள் திறக்கவில்லை; செயின்ட் லூயிஸில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகவே இருந்துகொண்டு எழுபது கட்டுரைக்கு மேல் எழுதினார். தேனீக்கள் நிறத்தையும் வடிவத்தையும் பிரித்தறிகின்றனவா என்ற அவரது சோதனைகள் 1910, 1911இல் வெளிவந்தன. நூறு வருஷம் கழித்து, 2010 டிசம்பரில், இங்கிலாந்தின் பிளாக்காட்டன் தொடக்கப் பள்ளியைச் சேர்ந்த எட்டு முதல் பத்து வயதுக் குழந்தைகள் 25 பேர், பம்பிள் தேனீக்கள் நிறங்களின் அமைப்பைப் பார்த்துப் பூவைத் தேர்ந்தெடுக்கின்றனவா என்று சோதித்து, ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். வரைபடங்கள் கலர் பென்சிலில். மேற்கோள் பட்டியல் கிடையாது. ரெஃபரிகளிடம், அதாவது இதழுக்காகக் கட்டுரையைச் சோதிப்பவர்களிடம், அத்தனை வருஷம் அடிபட்ட எனக்கு அதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன யாரும் மூன்றையும் சேர்க்க வேண்டும் என்று கிளம்பியவர்கள் இல்லை. ரோம் குழு ஒழுங்கின்மையைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் பூங்காவுக்குப் போனது. டர்னர் முறைப்படி விலங்கியல் கற்றவர். முதல் நாளே மூன்று வீட்டிலும் விருந்தாளியாக இருப்பவருக்கு எந்த வீட்டிலும் தட்டு வைக்க மாட்டார்கள்: இயற்பியல் ரெஃபரி ‘இது உயிரியல்’ என்பார், உயிரியல் ரெஃபரி ‘இந்த இனம் தப்பு’ என்பார், வேலைக்குத் தேர்வு செய்யும் குழு ‘இவரை எந்தத் துறையில் போடுவது’ என்று கேட்டுவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுக்கும். ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டு மற்றதற்கு எட்டிப் போகலாம். எந்த வீடு என்பதுதான் கேள்வி.

என் தீர்ப்பை மறைக்க வேண்டியதில்லை. கணக்கும் நிரலும் கைவந்தவர், தனியாக உட்காரப் பிடித்தவர், பதில் வராமல் வருஷங்கள் போனாலும் தூக்கம் கெடாதவர் என்றால் முதல் தாள். எதிரில் இருப்பவர் தப்பாகப் பேசும்போது திருத்தத் துடிக்காமல், ‘எப்படி அப்படி நினைச்சீங்க?’ என்று கேட்க முடிகிறவர் என்றால் இரண்டாவது; ஆசிரியர்களில்கூட இது அபூர்வம். மூன்றாவது தாளை, காத்திருப்பதையே வேலையாக எடுத்துக்கொள்ள முடிகிறவருக்குத்தான் சிபாரிசு செய்வேன். எதை எடுத்தாலும் கைடு யார் என்பது பாதிச் சங்கதி. தன் பழைய கட்டுரையில் இருந்த தப்பை வாய்விட்டுச் சொல்லக்கூடியவரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளச் சொன்னேன்.

பிறகு மூன்று வாரத்துக்கு மூன்று வேலை கொடுத்தேன். பக்கத்துக்கு ஆறு என்று 216 காந்தங்கள் கொண்ட ஒரு ஸ்பின் கண்ணாடியை நிரலாக எழுதி, அது சமநிலைக்கு வந்ததை எனக்கு நம்பவைக்க வேண்டும். மின்கலம், பல்பு, ஒரு துண்டுக் கம்பியோடு ஐந்து பேரைப் பேட்டி எடுத்து, பேசியதை ஒரு சொல் விடாமல் எழுத்தில் இறக்க வேண்டும். ஒரே எறும்புச் சாரியைப் பத்து நாள் ஒரே மணிக்குப் போய், நிமிஷத்துக்கு எத்தனை எறும்பு ஒரு கோட்டைத் தாண்டுகிறது என்று எண்ண வேண்டும்.

நாலாவது வாரம் வந்தாள். நிரல் ஓடியிருந்தது, மடக்கை அச்சு போடவில்லை. எறும்பு எண்ணிக்கை ஆறாம் நாளோடு நின்றிருந்தது. சாரி இடம் மாறிவிட்டதாம், அவள் தேடிப் போகவில்லை. பேட்டி மட்டும் ஐந்துக்குப் பதில் ஒன்பது இருந்தது. நான்காவது பேட்டியின் எழுத்துப் பிரதியை எடுத்து, ஒரு வரியின் கீழே மூன்று முறை கோடு கிழித்திருந்த இடத்தைக் காட்டினாள்.

“இங்க பாருங்க மேடம். ‘கரண்ட் பல்புக்குள்ள போய் தீர்ந்துடுது, அதனால திரும்பி வர கம்பி எதுக்கு’ங்கறான். தப்புதான். ஆனா இவன் சொல்ற ‘கரண்ட்’டுக்குப் பதிலா ‘எனர்ஜி’ன்னு வச்சுப் பாருங்க. இவனை நான் தப்புன்னு எப்படிச் சொல்றது?”